ஸ்ரீகண்டன் கேட்டு வாங்கிய ராஜினாமா

1978-இல் தம்பானூரில் இருந்த ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தை மூடிவிட்டுக் கொச்சிக்குப் போனது. குமாஸ்தாக்கள் எல்லோரையும் ஆட்குறைப்பில் அனுப்பத் தீர்மானமாயிற்று. கடிதங்கள் டைப் செய்துவந்த ஸ்ரீகண்டனும் அதில் அடக்கம். ஒழுங்காக வேலை பார்த்தவர்; அதற்குமேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வாடகை வீடு. மகள் லலிதாம்பாளுக்கு ஒரு வரன் கூடிவந்திருந்தது.

கம்பெனி கழித்துவிட்ட ஆள் என்று தெருவில் பேச்சு வந்தால் வரன் கைநழுவிப் போகும் என்று பயந்தார். மேனேஜரிடம் போய், நானே ராஜினாமா எழுதித் தருகிறேன், நஷ்டஈட்டை மட்டும் குறைக்காதீர்கள் என்றார். மேனேஜருக்கு அதில் இழப்பு ஏதுமில்லை.

காசாளர் கோமதிநாயகம்தான் தடுத்துப் பார்த்தார்.

"சாமி, கம்பெனியா அனுப்பினா நஷ்டஈட்டுக்கு வரி கிடையாது. நீங்களா விட்டா அது சம்பளக் கணக்குல வந்துரும். மொத்தத்தையும் இந்த ஒரு வருஷத்து வரும்படியா வச்சு வரியைப் பிடிச்சிருவாங்க, கேட்டியளா."

"பிடிக்கட்டும் ஓய். மானத்துக்கு வரி உண்டோ?"

"அதைத்தான சாமி இப்பக் கட்டப் போறிய."

கிராஜுவிட்டி முழுசாக வந்தது. நஷ்டஈட்டில் வரி போக வந்த மிச்சம், நகைக்குப் போதாது. மனைவி பாகீரதியிடம், கம்பெனி கொடுத்ததே அவ்வளவுதான் என்றார்.

ஊர் என்ன நினைக்கும் என்று நாம் கவலைப்படும்போது ஊருக்காக நினைப்பவரும் நாமேதான். ஊர் வேறு விதமாக நினைத்தது.

மாப்பிள்ளையின் மாமா பட்டாபி வந்து காபியைக் குடித்து முடித்த பிறகே பேச்செடுத்தார்.

"எல்லாரையும் கம்பெனி அனுப்பித்து. அது அவா தலையெழுத்து, விட்டுடலாம். நீர் மட்டும் ராஜினாமா பண்ணியிருக்கேர். கையிலே வேற வேலையும் இல்லை. பணம் காசு விஷயமா ஏதாவது...?"

ஸ்ரீகண்டன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வரியையும் சொன்னார்.

"வரியே இல்லாம வர பணத்துக்கு யாராவது வலிய வரி கட்டுவாளோ?" என்று பட்டாபி எழுந்தார். "காரணம் சொல்றதானா கொஞ்சம் நம்பும்படியாச் சொல்லணும் சார்."

எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்ட பாகீரதி, அவர் போனபின்னும் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. லலிதாம்பாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"வரி எவ்வளவுப்பா பிடிச்சா?" என்று கேட்டாள்.

அவர் தொகையைச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, டம்ளரைக் கழுவப் போனாள்.