புதுநன்மை நாளில் அப்பா

அப்பா அன்று யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காலையில் போகும்போது கட்டம் போட்ட நீலச் சட்டை. திரும்பியது தோளிலிருந்து சரிந்து தொங்கிய வெள்ளை அரைக்கைச் சட்டையில். தலை ஈரமாக இருந்தது. கழுத்தும் கைகளும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் சிவந்து கிடந்தன.

எங்கள் ஊருக்கு அடுத்த கடற்கரையில் அணு உலை இருந்தது. மீன்பாடு குறைந்ததும் அப்பா படகை விட்டுவிட்டு, அங்கே ஓர் ஒப்பந்தக்காரரிடம் கூலி வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஊரோ உலை வேண்டாமென்று மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவின் தம்பியான என் மாமா அந்தப் பந்தலிலேயே குடியிருந்தார். அதனால் அப்பா ஊருக்குள் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பார்.

"சட்டை எங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அங்கனயே கழத்தி வாங்கிக்கிட்டாங்க. நல்லா தேச்சிக் குளிச்சிட்டுப் போன்னாங்க."

"எதுக்கு?"

"சொல்லல. வெளிய யார்ட்டயும் பேசக்கூடாதுன்னு மட்டும் சொன்னாங்க."

தம்பி வழக்கம்போல அவர் காலைக் கட்டிக்கொள்ள ஓடினான். "கிட்ட வராதலே" என்று அப்பா கத்தினார். அவர் எங்களிடம் குரலை உயர்த்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். வெளியே ஓலைச் சாய்ப்பில் படுத்துக்கொண்டார். தன் துணியைத் தானே துவைத்துத் தனியாகக் காயப்போட்டார். அம்மாவோடு சண்டை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று தோன்றியது. ஜெபங்களையெல்லாம் பிழையில்லாமல் ஒப்பித்துக் காட்டினேன். அவர் தள்ளி உட்கார்ந்தபடியே தலையாட்டினார்.

மாமா ஒருநாள் வந்து வாசலில் நின்றார்.

"அத்தான், உள்ள என்னமோ நடந்திருக்குன்னு பேசிக்கிடுதாங்க. நெசமா?"

"ஒண்ணும் நடக்கல."

"நடக்கலன்னா நீங்க ஏன் வெளிய படுக்கீங்க?"

அப்பா பாயைச் சுருட்டத் தொடங்கினார். உள்ளதைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்வதற்கு அவருக்குத்தான் என்ன தெரியும்? உள்ளே கேட்டபோது வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வெளியே ஒரு டாக்டரிடம் கேட்டால், அந்தப் பேச்சு பந்தலுக்கு வந்துவிடுமோ என்று பயம். இதெல்லாம் அம்மா வெகுநாள் கழித்து எனக்குச் சொன்னது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், வந்தது. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. பூசை முடிந்ததும் மற்றப் பிள்ளைகளை அவரவர் அப்பாக்கள் அணைத்து முத்தமிட்டார்கள். என் அப்பா கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றிருந்தார். நான் ஓடினேன். அவர் பின்பக்கமாகவே நகர்ந்து மதிலில் போய் முட்டிக்கொண்டார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அங்கனயே நில்லுட்டி. அப்பா பாத்துட்டேன். ரொம்ப அழகா இருக்கு."

"ஒரு முத்தம் தாங்கப்பா."

"பெறவு தாரேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாதான் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பாவோடு நான் வெகுநாள் பேசவில்லை.

பிறகு எப்போதோ அவர் வீட்டுக்குள் படுக்க வந்தார். ஆனால் எங்களைத் தொடும் பழக்கம் அவருக்குத் திரும்பி வரவேயில்லை. நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அவர் நோயில் விழுந்து இறந்துபோனார். எதனால் என்று ஆஸ்பத்திரியில் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அன்று உள்ளே என்னதான் நடந்தது, நடந்ததற்கும் அவர் நோய்க்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று மாமா அலைந்து திரிந்து கேட்டார். கடைசியில் அவரும் ஓய்ந்துவிட்டார்.

பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தபோது வகுப்பில் ஒருநாள் கதிரியக்கம் பற்றிப் பாடம் நடந்தது. மேலே கதிரியக்கத் தூசி பட்டவரின் உடையை மாற்றி நன்றாகக் குளிப்பாட்டிவிட்டால், பெரும்பாலும் அவர் அருகில் போகப் பயப்பட வேண்டியதில்லை என்றார்கள். நான் எழுந்து, "அவரு பிள்ளையத் தூக்கலாமா மேடம்?" என்று கேட்டேன். "தாராளமா" என்றார் மேடம். வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

மதிலோரம் நின்ற அப்பாவைப் பார்த்து, அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் அன்று நினைத்தேன். பிள்ளைகளைத் தொடலாமா கூடாதா என்று, எனக்குத் தெரிந்ததைவிட ஒரு சொல்கூட அதிகமாக அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.