குறுவாளும் கொஞ்சம் புளியும்

இன்று முகநூலில் ஒருவர் பழைய ஜப்பானியக் குறுவாளின் படத்தைப் போட்டு, "என்ன விலை போகும்?" என்று கேட்டிருந்தார்.

"பிடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் துருவை மட்டும் தொடாதீர்கள்" என்று எழுதினேன்.

எல்லாம் அனுபவம்தான்!

அறுபதுகளில், கல்யாணமான புதிதில், சிராங்கூன் ரோடு வாடகை வீட்டில் எங்களிடமும் ஒன்று இருந்தது. பழஞ்சாமான் கடை பாய் வந்து பிடியைக் கழற்றினார். துருவுக்குள் செய்தவன் பெயர் வெட்டியிருந்தது.

"நல்ல பழசு தம்பி. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்."

அதை விற்று என் மனைவிக்குத் தையல் மெஷின் வாங்குவதாகப் பேச்சு.

இடையில் ஆயுத பூஜை வந்தது.

பாய் மறுபடி வந்து பிடியைக் கழற்றினால், உள்ளே குத்துவிளக்கு மாதிரிப் பளபளப்பு. பெயர் பாதி அழிந்துவிட்டது.

"யாரும்மா தேச்சது?"

"நாந்தான் பாய். நீங்க கழட்டினப்பத்தான் உள்ளே அவ்வளவு துரு இருக்கிறதையே பார்த்தேன். புளி போட்டுத் தேச்சுட்டேன்!" என்றாள் மனைவி, பெருமையாக.

"அந்தத் துருவை வச்சுத்தாம்மா வயசு சொல்லுவோம்" என்ற பாய், தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போனார். குறுவாள் இன்னும் எங்கள் மார்சிலிங் வீட்டில் பலாப்பழம் வெட்டுகிறது.

இன்றைய படத்தை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஐயோ, எவ்வளவு துரு! கொஞ்சம் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க லா."

சொல்லட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.