முதல் மூன்று இலக்கங்கள்

மத்தியானம் கைபேசி அடித்தது. திரையில் 023 என்று தொடங்கும் இலக்கம். என் கை தானாக உலைப்பானைக்குப் போனது.

மன்னாருக்குப் பக்கத்தில், தாழ்வுபாட்டில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான். அப்பா மீனைத் தேடிக் கரை கரையாகப் போய்த் தொழில் செய்தவர். அங்கங்கே உள்ள கடைகளில் இருந்துதான் வீட்டுக்கு அழைப்பு எடுப்பார். மணி அடித்ததும் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியின் சின்னத் திரையைப் பார்ப்பார். 032 என்றால், "கற்பிட்டியில நிக்கிறார்." 026 என்றால் திருகோணமலை. 023 என்றால் மன்னார் பஸ் நிலையத்தில் வந்து இறங்கிவிட்டார். அன்றைக்கு மட்டும், மணி அடிக்க அடிக்க உலையை வைத்துவிட்டுத்தான் எடுப்பார்.

"உலை வைச்சிட்டன், வாங்கோ."

அவ்வளவுதான் பேச்சு.

இருவரும் இப்போது இல்லை. நான் மன்னாரில், என் கணவர் கொழும்பில். அவருடைய கைபேசி இலக்கம் எந்த ஊரையும் சொல்லாது. "எங்க நிக்கிறியள்?" என்று கேட்டால், "வேலையில" என்பார்.

ஒருவேளை சொல்லாமல் வந்து, பஸ் நிலையத்துக் கடையில் இருந்து எடுக்கிறாரோ? பானையை அடுப்பில் ஏற்றிவிட்டே எடுத்தேன்.

"உலை வைச்சிட்டன், வாங்கோ."

"மன்னிக்கோணும் அக்கா, நம்பர் மாறிப்போச்சு" என்றது யாரோ ஒருவரின் குரல்.

அவர் அழைப்பைத் துண்டித்த பிறகும், தண்ணீர் கொதிக்கும்வரை கைபேசி என் காதிலேயே இருந்தது.