பந்து பொறுக்குகிறவளின் புருஷன்

என் புருஷன் கோல்ஃப் கற்றுக்கொடுக்கிறவர். இருபத்தாறு வருஷமாக ஒரே மைதானம். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். அங்கே போய்விட்டால் ஓயமாட்டார். "மட்டைய இறுக்காதீங்க, அது எங்கயும் ஓடிப் போயிடாது. முட்டிய லேசா மடக்குங்க. கைய மறந்துடுங்க, இடுப்பு திரும்பினா கை தானா வரும். பந்து போன பின்னாடிதான் தலையத் தூக்கணும்." சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்.

நான் அதே மைதானத்தில் பந்து பொறுக்குகிறவள். பழகுகிறவர்கள் அடித்துத் தள்ளியதையெல்லாம் இரும்புக் கூடையில் அள்ளி வருவேன். நான் உள்ளே இருக்கும்போது யாரும் அடிக்கக் கூடாது. நான் வெளியே வந்ததைப் பார்த்து அவர் "அடிக்கலாம்" என்று குரல் கொடுக்க வேண்டும்.

இரண்டு வருஷமாக அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஐம்பது அடி தாண்டினால் எல்லாம் வெறும் பச்சை. கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். "வெளிய தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?" என்றார் என் புருஷன். மறைத்தோம். மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே பந்து போன திசையைச் சொல்வார். என்னையும் அப்படித்தான். வெளியே வந்து சேரும்வரை கூடையைக் குலுக்கிக்கொண்டே வருவேன். சத்தம் நின்றால் நான் வந்துவிட்டேன் என்று அர்த்தம். நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது.

அன்று காலை தோள் வலி. கூடையை வைத்துவிட்டுத் துணிப்பையோடு போனேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, அவரிடம் சொல்லவில்லை.

ஒரே ஒரு பல் டாக்டர் அம்மாதான் பழக வந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். தலையைத் தூக்காதே என்றால் தூக்கவே மாட்டார். "அடிக்கலாம்" என்று என் புருஷனின் குரல் கேட்டது. திடுக்கிட்டு நிமிர்ந்தேன். மட்டை இறங்கியது. "சபாஷ்!" என்றார். "கேட்டீங்களா அந்தச் சத்தத்த? இதுதான் அடி!" அதற்குள் பந்து என் முழங்கையை உடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜரே வந்தார். "நான் ஒரு தடவ நிமிர்ந்து பார்த்திருக்கணும்" என்று டாக்டர் அம்மா அழுதார். பாவம், அவர் என்ன செய்வார்!

"குரல் கொடுத்தது நீங்கதானே? எப்படி ஆச்சு?" என்று மேனேஜர் என் புருஷனைக் கேட்டார்.

அவர் வாயால் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இவதான் சொல்லாம உள்ள போயிட்டா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும், "ஆமா சார், என் தப்புதான்" என்றேன். அந்த வாரமே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கை அதற்குப் பிறகு நீளவே இல்லை.

மூன்றாம் வாரம் சாப்பிடும்போது, "புதுசா ஒரு பொண்ணு பந்து பொறுக்க வந்திருக்கா" என்றார்.

"அவ உள்ள இருக்காளான்னு எப்படித் தெரிஞ்சுக்கறீங்க?"

"கூடை சத்தம் கேக்குமே."

"அத அவகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிடி சொல்றது? சொன்னா விஷயம் வெளிய வந்துடாதா?"

"அப்ப மேனேஜர்கிட்ட போய் உண்மையச் சொல்லுங்க."

"ஒரு வருஷம் ஓட்டிடறேன்."

"ஓட்டுவீங்க! அவ தலையில பட்டா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு நானே மேனேஜர் அறைக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னேன். மத்தியானத்துக்குள் என் புருஷனை அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அன்னிக்கு உன் மேல பழி போட்டேன்னு இன்னிக்குத் தீத்துக்கிட்டியா?" என்றார். வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணுக்காகத்தாங்க சொன்னேன்" என்றேன்.

அவளுக்காகத்தான் போனேன், பொய் இல்லை. ஆனால் அவர் அப்படி நொறுங்கி நின்றதைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறியது. அது அவளுக்காக இல்லை.