சுண்ணாம்புக் கோடு

எங்கள் பெரியம்மாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: துணி தூக்கி. காதில் விழும்படியே சொல்வார்கள். அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பெயர் அவளுக்கு வந்த நாளில் எனக்கு ஒன்பது வயது. உட்காரக் கூடாத இடம் ஒன்றில் நான் ஆனந்தமாக உட்கார்ந்திருந்தேன்.

சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்கள் ஊர் ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னத் தடுப்பணை இருந்தது. தண்ணீர் போக அதற்கு மூன்று கண்கள். மழைக்காலத்தில் வெள்ளம் போவதற்காகக் கண்களைத் திறந்தே வைத்திருப்பார்கள். தை பிறந்ததும் கல்தூண்களில் வெட்டிய காடியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைத்துவிடுவார்கள். மேலே மார்பளவு தண்ணீர் நிற்கும். கீழே பலகை இடுக்குகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். பெரியவர்கள் மேலே நீந்துவார்கள், பிள்ளைகள் கீழே அந்தப் பீய்ச்சலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காணும் பொங்கலுக்கு எங்களுக்கு மெரினாவெல்லாம் தேவைப்படவில்லை.

பெரியப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஏரி, மதகு, அணை இவற்றைத் திறந்து மூடிக் காவல் பார்ப்பது அவர் வேலை. காணும் பொங்கலன்று கூட்டம் அதிகம் என்று அவரை மேல் ஏரிக்கு அனுப்பிவிடுவார்கள். சின்ன அணையைப் பெரியம்மா பார்த்துக்கொள்வாள். யாரும் அவளை நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் நடுத்தூணில் பெரியப்பா போட்டுவைத்த ஒரு சுண்ணாம்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் எல்லாரும் கரையேற வேண்டும், ஆண்கள் கண்ணுக்கு ஒரு பலகையாவது உருவிவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் தண்ணீரின் பாரம் பலகையைக் காடியோடு இறுக்கிவிடும், எத்தனை பேர் இழுத்தாலும் வராது, பிறகு அது உடைகிற நேரத்தில்தான் உடையும். இதை அவள் வருடா வருடம் சொன்னாள். பூசையில் பிரசங்கம் கேட்பது போல் நாங்களும் வருடா வருடம் கேட்டோம்.

அந்த வருடம் மார்கழி முடிந்தும் மழை விடவில்லை. மேல் ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா லீவில் வந்திருந்தார். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது.

“வருசம் பூரா நைட் ஷிப்ட்டு பாத்துட்டு வந்து மாரளவு தண்ணில நிக்கவா? குதிச்சா தலைக்கு மேல தண்ணி இருக்கணும்” என்றார்.

பெரியம்மா காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஈரமண்ணைக் குழைத்து அந்தக் கோட்டை அழித்தார். ஒரு முழம் மேலே தள்ளி அதே அகலத்தில், அதே கோணலில் புதுக்கோடு போட்டார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பாகூட, தம்பியின் கைவேலையை மெச்சுகிற மாதிரி தலையாட்டினார்.

மதியம் பெரியம்மா வந்தாள். செருப்பைக் கீழ்ப்படியில் கழற்றிவிட்டு, நாலு படி மேலே உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். பத்து மணிகளை உருட்டி ஜெபிப்பாள், நிமிர்ந்து கோட்டைப் பார்ப்பாள். மறுபடி ஒரு பத்து, மறுபடி ஒரு பார்வை. புதுத்துணிகளெல்லாம் கரையில் விரித்த ஜமக்காளத்தில் குவிந்திருந்தன. பக்கத்தில் குண்டான் நிறையக் கறிக்குழம்பு.

நானும் தம்பியும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளும் நடுக்கண்ணுக்கு நேர் கீழே இருந்தோம். பீய்ச்சல் எந்த வருடமும் இல்லாத வேகத்தில் அடித்தது. முதுகில் பிரம்பால் அடித்த மாதிரி சுள்ளென்று விழுந்தது. பலகை அவ்வப்போது முனகியது. அது முனகும்போதெல்லாம் தம்பி பதிலுக்கு முனகிக் காட்டினான், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அண்ணாந்து பார்த்தபோது சித்தப்பா அணைமேல் குந்தியிருந்தார். மேல் பலகையின் வளையத்தில் கைகொடுத்து, காலைத் தூணில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பலகை அசையவில்லை. அடுத்த கண்ணுக்குப் போய் இழுத்தார், அதுவும் வரவில்லை. திரும்பி வந்து கீழே எங்களைப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவரும் அசைத்தார்.

“போதும், மேல வாங்களேன்டா. குளிரும்” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

“மாட்டோம்” என்று கத்தினோம். அவர் சிரித்தார். வழக்கமான சிரிப்பு இல்லை அது. ஆனாலும் சிரிப்புதானே என்று நான் மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் பெரியம்மாவின் செருப்பு ஒன்று படியை விட்டு மிதந்து போனது. அவள் எழுந்து நின்று, எல்லாரையும் கரையேறச் சொல்லிக் கத்தினாள். யாரும் அசையவில்லை. மறுபடி கத்தினாள்.

“கோட்டத் தொடவே இல்லியே அண்ணி. இன்னும் ஒரு சாண் கீது பாருங்க” என்றார் தண்ணீருக்குள்ளிருந்த அப்பா. கூட்டம் மொத்தமும் சிரித்தது.

பெரியம்மா கோட்டைப் பார்த்தாள். முழுகிப்போன படிகளைப் பார்த்தாள். பிறகு அணைமேல் இருந்த சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார்.

அவள் விடுவிடுவென்று படியேறினாள். ஜமக்காளத்தின் நான்கு முனைகளையும் சேர்த்து, அத்தனை பேரின் துணியையும் மூட்டையாக முடிந்தாள். தலையில் ஏற்றினாள். குண்டானை இடுப்பில் வைத்தாள். ஒற்றைச் செருப்போடு ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. முதலில் அலறியவர் சித்தப்பாதான்.

“அண்ணி துணியத் தூக்கினு போறாங்க! கறியும் போவுது! ஒருத்தரும் நிக்காதீங்க, புடிங்க!”

சொல்லிக்கொண்டே அணைமேலிருந்து எங்கள் நடுவில் குதித்தார். தம்பியை அக்குளில் இடுக்கினார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மற்ற பிள்ளைகளைக் காலால் எற்றாத குறையாக மேலே விரட்டினார். எல்லாரும் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும், ஈரம் சொட்டச் சொட்ட, மூட்டைக்குப் பின்னால் ஓடினோம். ஒரு பிள்ளை மிச்சமில்லை.

சர்ச் மேடு வரைக்கும் பெரியம்மா நிற்கவே இல்லை. அங்கே மூட்டையை இறக்கியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. குழம்பில் பாதி வழிந்து அவள் புடவையிலும் மூட்டையிலிருந்து தொங்கிய என் புதுப் பாவாடையிலும் ஊறியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் புதுப்புடவை சேற்றில் விழுந்து நாசமாகியிருந்தது. நல்ல நாளும் அதுவுமாய் அந்த அம்மாள் பேசிய பேச்சைப் பெரியம்மா நின்று கேட்டுக்கொண்டாள். நான் அழுதேன். இனி உன்னோடு பேசவே மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

சித்தப்பாதான் நிலைமையைச் சமாளித்தார். மிச்சக் குழம்பைப் பரிமாறிக்கொண்டே, “துணி தூக்கி, எனக்கொரு கரண்டி விட்டு வெச்சீங்களா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் அணையில் தண்ணீர் இல்லை. நடுக்கண்ணில் ஒரு பலகைகூட இல்லை, எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பலகை வெகு தூரத்தில் வேலமுள்ளில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆளை முழுங்குகிற அளவுக்குப் பள்ளம். பெரியவர்கள் அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நல்ல வேளை, யாரும் இல்லை என்றார் அப்பா. அம்மா தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். மாதா காப்பாற்றினாள் என்று ஆளுக்கொரு தரம் சொன்னார்கள். பெரியம்மாவைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

அவள் சுண்ணாம்புச் சட்டியோடு வந்தாள். சித்தப்பா ஓடிப்போய்ச் சட்டியை வாங்கிக்கொண்டார். காய்ந்த தூணுக்குமுன் சேற்றில் நின்றுகொண்டு பெரியம்மா மேல் கோட்டைச் சுரண்டினாள், பழைய இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து அங்கே கோடு போட்டாள். எங்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. பேசமாட்டேன் என்று சொன்னதை மறந்து நானே கேட்டேன்.

“தண்ணியே இல்ல, இன்னாத்துக்கு பெரியம்மா கோடு?”

“அடுத்த வருசமும் குளிக்க வருவீங்க இல்ல” என்றாள்.

சித்தப்பா பக்கத்தில் நின்றார். சட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தார். பெரியம்மாவின் தூரிகையிலிருந்து சுண்ணாம்பு சொட்டி அவர் மணிக்கட்டில் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. அடுத்த குறும்புக்குத்தான் இத்தனை அடக்கம் என்று நினைத்தேன். எந்த நிமிடமும் சிரித்துவிடுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.