இஞ்சினுக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

எங்கள் வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. பின்பக்கத்து போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க அதுதான். தெருக்குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வருவது நல்ல தண்ணீர். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். மரக்காணத்தில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது வயதில் நல்ல தண்ணீர் பிடிப்பது என் வேலையாயிற்று. வரிசையில் நிற்பது, குடத்தை முன்னால் தள்ளுவது, குறுக்கே புகுந்தவர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அதில் அடக்கம். ஒரு சொம்பு வீணானாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படி நான் பிடித்துவந்த தண்ணீரைத்தான் பெரியத்தா ஒருநாள் குடத்தோடு தூக்கிப்போய் ஒரு கார் இஞ்சின்மேல் ஊற்றினார்.

பெரியத்தா என்றால் என் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். வண்டி என்று அவர் தொட்டது ஒரு பழைய மொபெட்டை மட்டும். அதுவும் நடுவழியில் நின்றுவிட்டால் ஏன் என்று பார்க்கமாட்டார், தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்வார். கார் அவருடையதல்ல. அவருடைய ஒரே மகன் வாங்கியது. எனக்கு அவன் அண்ணன்.

அண்ணன் ஆரோவிலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். அங்கே ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன ஜப்பான் கார் அது. இரண்டே கதவு, பந்தயத்துக்கு ஓட்டுகிற இஞ்சின், அதில் டர்போ வேறு. வருஷக்கணக்காக மழையில் கிடந்து இறுகிப் போயிருந்தது. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வந்து இறங்கியபோது பெரியம்மா வாசலில் நின்று, ஓடுகிற வண்டியில் ஓடாத வண்டியை ஏற்றிவந்த முதல் ஆள் நீதான் என்று கேலி செய்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே பின்பக்கக் கொட்டகையில் அதை நிறுத்தினான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே இஞ்சினைக் கழற்றினான். டர்போ விசில் அடிக்கும் என்றான். ஈசிஆர் சாலையில் என்னை முன் சீட்டில் உட்கார வைத்துப் பாண்டிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பாதியில் வெளிநாட்டு வேலைக்கு விசா வந்தது. கழற்றிய சாமானை எல்லாம் எண்ணெய் தடவி, கடையிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின்களில் போட்டு, உப்பளத்தில் குவியலை மூடுகிற தார்ப்பாயால் மூடினான். "லீவுல வந்து நானே மாட்டிக்கிறேன். யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் வரவில்லை. போன்தான் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் விபத்து. உடலைக் கொண்டுவர நாளாகும் என்றார்கள். பெரியவர்கள் பேசி அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதித்தார்கள். வீட்டில் யாசீன் ஓதினார்கள். ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள். ஆனால் மய்யித்தை, இறந்த உடலை, தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி எங்கள் வாசலுக்கு வரவே இல்லை. அதனால் அண்ணன் இன்னும் வேலைக்குப் போயிருப்பது போலவே எனக்கு இருந்தது. பெரியவர்களுக்கும் அப்படித்தான் இருந்ததோ என்னவோ.

நாற்பதாம் நாள் கழிந்ததும் பெரியத்தா தார்ப்பாயை விலக்கினார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்துகொள்வார். அண்ணன் பார்த்த அதே வீடியோக்களைப் பார்த்தார். பேசுவது புரியாது என்பதால் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கையை மட்டும் பார்ப்பார். எந்த போல்ட்டு எங்கே என்று தெரியாமல் மாட்டுவார், கழற்றுவார், திரும்ப மாட்டுவார். அத்தா நேராகவே கேட்டார், இது நமக்கு ஆகிற காரியமா என்று. பெரியத்தா அடுத்த போல்ட்டைத் தேடி எடுத்தார். பெரியம்மாதான் விடவில்லை.

"கை வைக்காதீங்கன்னு புள்ள சொல்லிட்டுப் போனானே?"

"வந்து மாட்டுறவனா இருந்தா நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்றார் பெரியத்தா. "பாதியில கிடக்குது. அப்படியே விடச் சொல்றியா?"

அதற்குப் பிறகு பெரியம்மா கொட்டகைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்.

சிலிண்டர்கள் தேய்ந்திருந்ததால், அவை இருக்கிற இஞ்சின் பிளாக்கைத் திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்க் குடைந்து வாங்கிவந்தார். உள்ளே முகம் பார்க்கலாம், அப்படி இருந்தது. இரும்புத்தூள் போகக் கழுவ வேண்டும் என்று வீடியோவில் காட்டினார்கள். பெரியத்தா குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினார். எங்கள் வீட்டில் எதைக் கழுவினாலும் போர்த் தண்ணீர்தானே? மறுநாள் பார்த்தால் சிலிண்டர் நெடுகத் துரு. பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"மரக்காணத்துத் தண்ணியிலயா கழுவுனீங்க பாய்? இந்தத் தடவ தேய்ச்சுத் தர்றேன். இன்னொரு தடவ துரு ஏறுச்சுன்னா இதத் தூக்கிப் போட வேண்டியதுதான்."

பெரியத்தா வந்து அதை அத்தாவிடம் சொன்னார். அண்ணனின் இஞ்சின் தன் கையால் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. வேறு பிளாக்குக்கு எங்கே போவது?

இரண்டாம் தடவை பிளாக் வந்த அன்று காலையில்தான் நான் பிடித்து வைத்திருந்த குடங்கள் காணாமல் போயின. தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பெரியத்தா பிளாக்கை ஒரு பலகைமேல் வைத்திருந்தார். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அடியில் மணைக்கட்டை கொடுத்திருந்தார். கைலியை மடித்துக் கட்டி, இடது கையில் துணியைச் சுற்றியிருந்தார். பிஸ்மில்லா சொல்லி வலது பக்கத்திலிருந்து ஊற்றினார். பிறகு இடது பக்கம். சோப்புத் தண்ணீரால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கையை விட்டு, நோகாமல் தேய்த்தார். மறுபடி வலது பக்கத்திலிருந்து. மறுபடியும். இரும்பை இப்படியா கழுவுவார்கள், சட்டென்று ஊற்றித் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் கோள் மூட்டினேன். குடிக்கிற தண்ணீரை எல்லாம் இஞ்சினுக்கு ஊற்றுகிறார், வந்து கேளுங்கள் என்றேன்.

பெரியம்மா கோபமாகத்தான் வந்தார். கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பெரியத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியம்மா முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். இன்றைக்கு நல்ல சண்டை இருக்கிறது என்று நான் காத்திருந்தேன். சமையலறையில் மிச்சம் இருந்த ஒரே குடத்தையும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இதையும் ஊத்துங்க" என்றார்.

அன்றைக்கு உலைக்குத் தண்ணீர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு என்னைத்தான் அனுப்பினார்கள்.

துடைத்து எண்ணெய் தடவியதும், உப்புக்காற்று படாமல் மூட வேண்டும். வீடியோவில் அந்த ஆள் ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடினார்; நானும் பார்த்திருக்கிறேன். பெரியத்தா கோடித்துணி வாங்கி வைத்திருந்தார். வெள்ளைத் துணியை இடது பக்கம் மடித்து, அதன்மேல் வலது பக்கம் மடித்து, அதே துணியில் கிழித்த நாடாவால் மேலே, நடுவில், கீழே என்று கட்டினார். பெரியம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

துரு ஏறவில்லை. மழைக்காலம் முடிந்தபோது இஞ்சின் காரில் ஏறியது. ஒயரிங்கை மட்டும் அண்ணனின் பட்டறைச் சிநேகிதர் வந்து செய்தார். அவர் சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம். டர்போ நிஜமாகவே விசில் அடித்தது. நான் நல்ல பாவாடை உடுத்தி, தலை சீவி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். பெரியத்தா பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் சீரானதும் கையை எடுத்தார்.

"போதும். நிறுத்துப்பா" என்றார். "நீயே எடுத்துட்டுப் போ. அவன் மாதிரி வேகமா மட்டும் ஓட்டாத."

பாண்டி போகவில்லையா என்று நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். இவ்வளவு பாடுபட்டு ஓடவைத்ததை ஒரு ரவுண்டுகூடப் போகாமல் யாராவது கொடுப்பார்களா? பெரியத்தாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால்தான் கொடுத்துவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் பெரியம்மா மௌத்தானார். கிளியனூரில் என் வீட்டிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது மய்யித்தைக் குளிப்பாட்டத் திரை கட்டிவிட்டார்கள். போர்க்குழாயில் வாளி நிறைந்துகொண்டிருந்தது. திரைக்கு வெளியே இருந்து பெரியத்தாவின் குரல் கேட்டது.

"உப்புத் தண்ணி வேணாம்மா. இந்தா, நல்ல தண்ணி."

திரைக்கு அடியில் குடத்தை நகர்த்தினார். நான் எடுத்துக்கொண்டேன். குளிப்பாட்டத் தெரிந்த பெண்மணி என் இடது கையில் துணியைச் சுற்றிவிட்டு, பிஸ்மில்லா சொல்லி வலது பக்கத்திலிருந்து ஊற்றச் சொன்னார். சொம்பு பாதியில் நின்றது. நான் அழுகிறேன் என்று நினைத்து அவர் தோளைத் தொட்டார்.

அன்று நான் கோள் மூட்டிக் கூட்டிவந்தது, மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரிடம் அவன் தாயை.