வெர்லா சொல்லிக்கொடுத்த வாக்கியம்

வெர்லா ஸ்டட்ஸ்மனுக்கு அரசாங்கம் என்றாலே ஆகாது. அரசாங்கம் போட்ட ரோட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடத்து பஸ்ஸை ஓட்டி, அரசாங்க பென்ஷனோடு ஓய்வு பெற்றவள் என்று யாராவது ஞாபகப்படுத்தினால், "அதனாலதான் சொல்றேன், உள்ள இருந்து பார்த்தவ நான்" என்பாள். ஒஹாயோவின் சோளக்காட்டு மூலையில் இருக்கும் எங்கள் டெல்பர்ன் கவுண்டியில், துப்பாக்கி உரிமைக்காக அவளைவிடத் தொண்டை கிழியப் பேசியவர்கள் கிடையாது. அவளிடமிருந்து போன் வந்தால், சட்டசபை உறுப்பினரின் ஆபீஸில் அதை யார் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம்.

அவளுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கம் இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஒன்று, "என் துப்பாக்கி வேணுமா? வந்து பிடுங்கிப் பார்." பக்கத்திலேயே இன்னொன்று, "எங்கள் போலீஸ், எங்கள் பெருமை." எங்கள் துப்பாக்கி கிளப்பில் முக்கால்வாசிப் பேர் வண்டியில் இதே ஜோடிதான். துப்பாக்கியைப் பிடுங்க யாராவது வந்தால் அது யாராக இருக்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. தபால்காரர் வருவார் என்று நினைத்திருந்தோமோ என்னவோ.

நான் தீவனக் கடைக்காரன். தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே கடை என்பதால், அதன் மாடியில் கிளப் கூடும்போதெல்லாம் காபி போடுவது என் தலையில் விழுந்தது. சனிக்கிழமைகளில் அங்கேதான் வெர்லா வகுப்பு எடுப்பாள். இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாட லைசென்ஸ் வேண்டுமென்றால் அவளிடம் படித்து, அவள் கையெழுத்து வாங்கி, கவுண்டிப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுடுவதைப் பாதி நாளில் முடித்துவிடுவாள். மீதி நேரமெல்லாம் பேச்சுப் பயிற்சி.

ஏனென்றால் அப்போது எங்கள் மாநிலச் சட்டப்படி, போலீஸ் வண்டியை நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை, கேட்பதற்கு முன்னாலேயே நாமாகச் சொல்லிவிட வேண்டும். சொல்வதில்தான் சூட்சுமம். "துப்பாக்கி" என்ற சொல் வாயில் வரவே கூடாது என்பாள் வெர்லா.

"போலீஸ்காரங்க ஒருத்தருக்கொருத்தர் ஆபத்துன்னு சொல்லக் கத்துற சொல் அது. நீ 'என்கிட்ட துப்பாக்கி இல்லை'ன்னு சொன்னாக்கூட, அந்தப் பக்கம் நிக்கறவன் காதுல 'துப்பாக்கி' மட்டும்தான் விழும். அப்புறம் அவன் கை சும்மா இருக்காது. ரெண்டு கையும் ஸ்டீரிங் மேல. இதை மட்டும் சொல்லு: 'ஆபீசர், என்கிட்ட ஆயுத லைசென்ஸ் இருக்கு. இப்ப கொண்டுவந்திருக்கேன். நான் என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க.'"

எல்லாரும் மாறி மாறிச் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காகிதத் தட்டை ஸ்டீரிங்காகப் பிடித்துக்கொள்ள வேண்டும். யாராவது வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், வாத்து வேட்டைக்காரர்கள் ஊதும் ஊதலை எடுத்து அவர் காதோடு வைத்து ஊதுவாள். பெரிய பெரிய பண்ணைக்காரர்கள் எல்லாம் அந்த ஊதலுக்குப் பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டு திரிந்தார்கள். தோட்டாவும் விற்கும் என் கடைக்கு வந்து, "அந்த... லைசென்ஸுக்கு உண்டானதுக்குத் தோட்டா இருக்கா?" என்று கேட்டவர்கள்கூட உண்டு.

அந்த வகுப்பில் ஊதலே வாங்காமல் முடித்தவன் டெஸ்மண்ட் பிராட்நாக்ஸ். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டாங்கர் லாரி ஓட்டுகிறவன். டீசல் போடும் இடத்தில் ஒருமுறை இரண்டு பேர் அவனை அடித்துப் பர்ஸைப் பறித்த பிறகு வகுப்பில் சேர்ந்தான். எங்கள் கவுண்டியில் கறுப்பர்கள் குறைவு. எங்கள் கிளப்பில் அவன் ஒருவன்தான். எங்களுக்கு அதில் ரொம்பப் பெருமை. போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவனை முன்வரிசைக்குக் கூப்பிடுவோம்.

வகுப்பு முடிந்ததும் அவன் ஒரு கேள்வி கேட்டான். "மிஸ், இது எல்லாருக்கும் வேலை செய்யுமா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்ப்பா" என்றாள் வெர்லா.

அவன் தலையாட்டினான். நான் காபிக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த வசந்தத்தில் அவனுடைய சொந்த வண்டியில் ஒரு பின்விளக்கு எரியவில்லை என்று ஷெரிஃப் ஆபீஸ் டெபுடி ட்ரெண்ட் ஹோலப் நிறுத்தினான். ட்ரெண்டும் வெர்லாவிடம் படித்தவன்தான். போலீஸில் சேர்வதற்கு முன்னால். அவன் ஸ்கூலுக்குப் போனதே அவளுடைய பஸ்ஸில். அன்று நடந்தது இதுதான்: டெஸ்மண்டைக் கதவு வழியாக இழுத்து, சரளைக்கல்லில் முகம் பட அழுத்தி, வலது மணிக்கட்டை உடைத்துவிட்டான். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டான். வாகனத்தில் ஆயுதத்தை முறைகேடாகக் கையாண்டான், அதிகாரியின் வேலைக்கு இடைஞ்சல் செய்தான் என்று வழக்கும் போட்டார்கள். டிரைவர் "துப்பாக்கி" என்று கத்தினார் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. டெபுடி சட்டையில் மாட்டியிருந்த கேமராவில் அன்று சார்ஜ் இல்லையாம். தீர்ப்பு பாதகமாக வந்தால் பால் கம்பெனி அவனை வைத்துக்கொள்ளாது, துப்பாக்கி லைசென்ஸும் போய்விடும். வீட்டுக் கடனில் பாதி இன்னும் பாக்கி.

கிளப்பில் எங்களுக்கு நிம்மதியாகப் போய்விட்டது. "அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைச்சிருக்கான்" என்றார் தலைவர் ராய்ஸ் கெட்டரிங். காரணம் கிடைத்துவிட்டால் மனிதனுக்குச் சோறு இறங்கும்.

வெர்லாவும் அதைத்தான் நம்பினாள். சூரைமீனும் நூடுல்ஸும் போட்டு அடுப்பில் சுட்டு எடுத்த ஒரு தட்டை என் கையில் கொடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு டெஸ்மண்ட் வீட்டுக்குப் போனாள். எங்கள் ஊரில் கைகால் உடைந்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. ஆனால் அவள் போனது திட்டத்தான். உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன்! கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே! என் பேரையே கெடுத்துட்டியே டெஸ்மண்டு!"

டெஸ்மண்ட் மாவுக்கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்தபடி, இடது கையால் போனைத் தடவி எங்கள் பக்கம் தள்ளினான். அவன் வண்டியின் கண்ணாடியில் ஒரு சின்ன கேமரா மாட்டியிருந்தான். அதற்கு எப்போதும் சார்ஜ் இருக்கும்.

முதலில் டெஸ்மண்டின் குரல். "ஆபீசர், என்கிட்ட ஆயுத லைசென்ஸ் இருக்கு. இப்ப கொண்டுவந்திருக்கேன். நான் என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க." ஒரு சொல் கூடுதலும் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை. வெர்லா எங்கே மூச்சு விடுவாளோ அங்கே அவனும் மூச்சு விட்டிருந்தான்.

"என்ன கொண்டுவந்திருக்க?" இது ட்ரெண்ட்.

அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. கேட்டதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். "லைசென்ஸுக்கு உண்டானது, ஆபீசர். வலது இடுப்புல இருக்கு. என் கை ரெண்டும் ஸ்டீரிங் மேலதான் இருக்கு."

"என்னன்னு கேக்கறேன்ல!"

"நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்றேன், ஆபீசர்."

அதற்கப்புறம்தான் "துப்பாக்கி! துப்பாக்கி!" என்ற கத்தல். கத்தியது ட்ரெண்ட். கதவு திறக்கும் சத்தம். பிறகு டெஸ்மண்ட் கத்தியது. மணிக்கட்டு உடையும்போது ஒரு மனிதன் எப்படிக் கத்துவான் என்பதை நான் எழுதப்போவதில்லை.

வெர்லா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் சொல்லிக்கொடுக்காம இருந்திருந்தா, நீ வாயைத் திறந்து பதில் சொல்லியிருப்ப" என்றாள்.

"சொல்லியிருந்தா அப்பவே சுட்டிருப்பானோ என்னவோ, மிஸ். யாருக்குத் தெரியும்? தட்டைச் சூடு பண்ணட்டா? ஆறிப்போச்சு."

அந்த வாரமே கிளப் கூடியது. வழக்கமாக மீன் வறுவல் விருந்தைப் பற்றிப் பேசும் கூட்டம் அது. வருஷா வருஷம் ஷெரிஃப் ஆபீஸும் நாங்களும் சேர்ந்து நடத்துவோம். அதில் ஒரு ரைபிளைக் குலுக்கலில் விடுவோம். வெர்லா எழுந்து போனை ஒலிபெருக்கியில் மாட்டி எல்லாரையும் கேட்க வைத்தாள். ட்ரெண்ட் "துப்பாக்கி" என்று கத்திய இடத்தில், பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று பேர் காதைப் பொத்திக்கொண்டு வெர்லாவைப் பார்த்தார்கள். அவள் ஊதவில்லை.

"கிளப் சார்புல வக்கீல் வைக்கணும். கோர்ட்டுக்கு எல்லாரும் வரணும்" என்றாள்.

ராய்ஸ் தொண்டையைச் செருமினார். "வெர்லா, உட்காரு. அவசரப்படக் கூடாது. ரெண்டு பக்கமும் கேக்கணும். விசாரணை முடியட்டும். ட்ரெண்டும் நம்ம வீட்டுப் பையன்தானே?"

"டெஸ்மண்டு யார் வீட்டுப் பையன்?"

"நான் அப்படிச் சொல்லல..."

"புலி வருது புலி வருதுன்னு நாப்பது வருஷமா கத்தினீங்களேய்யா! அரசாங்கம் வரும், கதவைத் தட்டும், துப்பாக்கியைப் பிடுங்கும்னு. உங்க பேச்சைக் கேட்டுத்தானே நான் ஊர் ஊரா அலைஞ்சேன்? புலி வந்துருச்சு. டெஸ்மண்டைக் கடிச்சிருச்சு. இப்ப என்னடான்னா, புலிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்ங்கறீங்க!"

ராய்ஸ் வாக்கெடுப்பு நடத்தினார். மூன்று கைகள் உயர்ந்தன. ஒன்று வெர்லாவுடையது, ஒன்று என்னுடையது. மூன்றாவது கை காது மந்தமான ஹோரஸ் பெரியவருடையது. இன்னொரு காபி யாருக்கு வேண்டும் என்று கேட்டதாக நினைத்துவிட்டார். விஷயம் தெரிந்த பிறகும் கையை இறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம் மீன் வறுவலைப் பற்றிப் பேசினார்கள். கெளுத்தி மீனா, பெர்ச் மீனா என்று நீண்ட நேரம் கருத்து வேறுபாடு.

வெர்லா தன் பென்ஷனில் வக்கீல் வைத்தாள். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து அவளுக்கு ஒரு போன் வந்தது. அவள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்களை இனிமேல் சரிபார்க்கக் கொஞ்சம் தாமதமாகும் என்றார்கள். தாமதம் என்பது மரியாதையான சொல். பையன்கள் பக்கத்துக் கவுண்டிக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தார்கள். சர்ச்சில் அவள் உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமானது. அவள் எதற்கும் அசையவில்லை. டெஸ்மண்ட் வேலையில் நீடிக்க வேண்டும். அந்தத் துப்பாக்கி அவன் இடுப்பில் திரும்ப ஏற வேண்டும். அது ஏறினால்தான் இந்த நாட்டில் சட்டம் உயிரோடு இருக்கிறதென்று அர்த்தம் என்று என் கடைக்கு வந்து, தீவன மூட்டைமேல் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொல்வாள். வாங்க வந்தவர்கள் எல்லாம் கோழித்தீவனம் போதும் என்று ஓடுவார்கள்.

கோர்ட்டில் பதிவைப் போட்டார்கள். இந்த வாக்கியத்தை இவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான், அதைக் கேட்ட டெபுடிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான் என்று வெர்லா சாட்சி சொன்னாள். ட்ரெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் குறும்பு செய்து மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான் பார்ப்பானாம். மறுநாள் அரசு வக்கீல், வழக்கைத் தொடரப்போவதில்லை என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டார். ட்ரெண்ட் சம்பளத்தோடு சில வாரம் வீட்டில் இருந்தான். அப்போது அவன் வீட்டு வேலிக்குப் பெயின்ட் அடித்தான். நன்றாகவே அடித்திருந்தான்.

துப்பாக்கி மட்டும் வரவில்லை. கிடங்கில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் லீவு, மனு தப்பு, மறுபடி மனு என்று இழுத்தடித்தார்கள். வெர்லா விடவில்லை. கடைசியில் கோடை முடியும்போது, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். டெஸ்மண்ட் பால் லாரியிலேயே வந்தான். மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனால் கியர் போடும்போது முகம் சுளிப்பான்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு பழுப்புக் காகிதப் பையை நீட்டினாள். டெஸ்மண்ட் கையெழுத்துப் போட்டு வாங்கினான். வெளியே வந்து நின்றோம். வெர்லாவின் முகம் கல்யாண வீட்டுக்காரி முகமாக இருந்தது.

"இடுப்புல மாட்டுடா. நான் பார்க்கணும்."

அவன் பையைத் திறக்கவே இல்லை. அப்படியே அவள் கையில் வைத்தான்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும், மிஸ்."

"என்னது? உன்னோடதுடா இது! உன் உரிமை! இதுக்காகத்தானே இவ்வளவு..."

"உரிமையை நான் வச்சுக்கறேன். துப்பாக்கியை நீங்க வச்சுக்கோங்க." அவன் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் ஒரு வார்த்தைகூடத் தப்பாச் சொல்லல, மிஸ். நீங்களே கேட்டீங்க. இதைவிடச் சரியாச் சொல்ல எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லிக்கொடுங்க, கத்துக்கறேன்."

அவன் நிஜமாகவே காத்திருந்தான். லாரியில் பால் இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஆனாலும் காத்திருந்தான். வெர்லா வாயைத் திறந்தாள். ஊரில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள். அந்தக் காகிதப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஷெரிஃப் ஆபீஸ் வாசலில் நின்று அழுதாள்.